டேபிள் ஃபேனுக்குள் ஒரு டிரம்பெட்

கோடையில் ஊரே ஃபேனுக்குக் கீழே கிடக்கும். ஃபேன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை கிடையாது. எங்கள் கடையில் முப்பது ஃபேன் இருக்கிறது, இருபத்தொன்பது ஓடாது. ஓடுகிற ஒன்றையும் சோதித்து முடித்த கையோடு நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஃபேனின் சத்தம் மாமாவுக்குக் கேட்காதாம்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர், கடை முதலாளி. தெருவில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரில் ஒட்டி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு வரும்: "முன்பக்க புஷ்." கழற்றிப் பார்த்தால், மோட்டார் தண்டைத் தாங்குகிற அந்த வளையம்தான் தேய்ந்திருக்கும். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பீற்றிக்கொள்வார். எரிச்சல் என்னவென்றால், அது உண்மை.

நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து, முடி கனத்துச் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்ற வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மண்டை காய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு என்னிடம் ஒரே மருந்துதான் உண்டு, ஜாஸ் இசை. அதில் பாடுகிறவர் இல்லாததாகப் பார்த்து வைத்திருக்கிறேன். வார்த்தை காதில் விழுந்தால் எண்ணிக்கை போய்விடும். அவசரமே இல்லாத பேஸ் தந்தி, குழலின் வாயை அடைத்து ஊதுகிற டிரம்பெட், டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிற ஓர் ஆசாமி. அதைக் கேட்டால் வெயில் குறையாது. ஆனால் வெயில் மேல் இருக்கும் கோபம் குறைந்துவிடும்.

மாமாவிடம் கேட்டேன்.

"கடையில பாட்டா? என் காதுதான் இந்தக் கடையோட மூலதனம். பாட்டு ஓடினா எனக்கு ஒண்ணும் கேக்காது."

"மூணு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்தான் மாமா."

"என் காது ஒரு தடவை தப்பு பண்ணட்டும். அன்னைக்கு நீ நாள் பூரா போட்டுக்கோ. அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"நாளைக்குள்ள தப்பு பண்ணலைன்னா?"

"பாட்டுப் பெட்டிய வீட்டுல வச்சுட்டு வரணும். இந்தக் கோடை முழுக்க."

கல்லாவில் உட்கார்ந்து ஃபேன்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "நான் சாட்சி," என்றாள். அவளுக்கு எங்கள் சண்டைதான் பொழுதுபோக்கு.

எனக்கு அப்போதே திட்டம் தோன்றிவிட்டது. கம்பி பிரஷ் டிரம்மில் தேய்கிற சத்தம் எதைப் போலிருக்கும் தெரியுமா? எண்ணெய் வற்றிய புஷ்ஷைப் போலவே இருக்கும். ஸ்ஸ்ர்க், ஸ்ஸ்ர்க். ஃபேன் கடைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றாது.

மறுநாள் தையல்காரரின் டேபிள் ஃபேனுக்கு நானே காயில் சுற்றி, நானே பூட்டினேன். அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே நல்ல இடம் இருக்கும். அதில் என் குட்டி ஸ்பீக்கரைச் செருகினேன். இடைஞ்சலாக இருந்த எண்ணெய்க் கேனை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அடித்தட்டை மூடினேன். போனில் பாட்டும் தயார். முதல் ஒன்றரை நிமிடம் பிரஷ் மட்டும், அப்புறம் டிரம்பெட்.

மூன்று மணிக்குத் தையல்காரர் வந்தார். மாமா ஃபேனைப் போட்டார். நான் போனைத் தட்டினேன்.

ஸ்ஸ்ர்க், ஸ்ஸ்ர்க்.

மாமாவின் புருவம் நெளிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், கண்ணை மூடினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்பக்க புஷ். காஞ்சு கெடக்கு," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

"யோசிக்க என்ன இருக்கு? பின்பக்க புஷ்."

அவர் சொல்லி வாய் மூடவும் ஃபேனுக்குள்ளிருந்து டிரம்பெட் கிளம்பியது. தையல்காரர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

"பதினாறு வருஷம் முடிஞ்சுது! அது புஷ் இல்ல மாமா, டிரம்மு!"

தையல்காரர் ஃபேனைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இப்படியே குடுத்துடுங்க," என்றார்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

"அது அடியிலேர்ந்து வருது. எவனோ எதையோ தேய்க்கிறான், அது எனக்கும் கேட்டுச்சு. நான் சொன்னது மேல, மோட்டார்ல. பாட்ட நிறுத்து."

நிறுத்தினேன். ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். முனையை மோட்டாரின் முதுகில் ஒட்டிக் காதில் வைத்தேன். மெல்லிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், ஸ்ஸ்ர்க். கழற்றினோம். பின்பக்க புஷ்ஷில் சொட்டு எண்ணெய் இல்லை. ஸ்பீக்கரைச் செருகுகிற மும்முரத்தில் எண்ணெய் விடவே மறந்திருக்கிறேன். கேன் மேஜைக்கு அடியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றதற்குக்கூட இல்லை, இன்னும் இரண்டு மாத வெயில் மிச்சமிருக்கிறதே என்றுதான். ஸ்பீக்கரை வெளியே எடுத்து, எண்ணெய் விட்டு ஃபேனைப் பூட்டித் தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் அடித்தட்டை ஒரு தடவை ஏக்கமாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்பீக்கரைப் பையில் போட்டேன்.

"இப்பவே வீட்டுல வச்சுட்டு வந்துடு," என்றார் மாமா. குரலில் அவ்வளவு சர்க்கரை.

வாசற்படி வரை போனவள் அப்படியே நின்றேன்.

"மாமா, பின்பக்க புஷ் உங்களுக்கு எப்போ கேட்டுச்சு?"

"ஃபேன் போட்டதுமே."

"அப்போ டிரம்மு ஓடிட்டிருந்துச்சு."

"ஆமா. அதனால என்ன? என் காத என்னன்னு நெனச்ச?"

"அத்தன சத்தத்துக்கு நடுவுலயும் கேட்டுச்சு."

"கேக்காம?"

"அப்போ பாட்டு ஓடினா ஒண்ணும் கேக்காதுன்னு சொன்னது?"

மாமா காதைத் தடவிக்கொண்டார். துணைக்கு அக்காவைப் பார்த்தார்.

"ஏங்க, என்னைப் பார்க்காதீங்க. நான் வெறும் சாட்சி," என்றாள் அக்கா.

பாட்டு நடுவில் கேட்காது என்றால் காதின் மானம் போகும், கேட்கும் என்றால் கடையில் பாட்டு ஓடும். மனிதர் காதைத்தான் காப்பாற்றிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"போட்டுத் தொலை," என்றார் அடுத்த ஃபேனை இழுத்து வைத்துக்கொண்டே. "ஆனா அந்தத் தேய்க்கிறவன் மட்டும் வேணாம். கேட்டாலே எண்ணெய் விடச் சொல்லிக் கை பரபரங்குது."

நான் அவனைத்தான் முதலில் போட்டேன்.