பச்சைக் கதவு டாக்டர்

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்கிற கம்பெனி ஒன்றில் சின்னராஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. சொந்த ஊர் பாகலூர். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றும் அவன் வாயில் தடுமாறாமல் வரும். கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் அவன் நடித்ததைப் பார்த்த ஒருவர் பெங்களூருக்குக் கூட்டிப்போய் விட, ‘ஹசிரு பாகிலு’ என்ற கன்னடத் தொடரில் கம்பவுண்டர் வேஷம் கிடைத்தது. பச்சைக் கதவு என்று அர்த்தம். ஓர் ஆஸ்பத்திரி, அதில் ஆபரேஷன் அறையின் பச்சைக் கதவு, அதற்கு உள்ளேயும் வெளியேயும் நடக்கிற அழுகையும் ஆறுதலும்தான் கதை. வாரம் ஒரு சாயங்காலம் வரும். பாகலூரில் ஆன்டெனாவைக் கொஞ்சம் வடக்கே திருப்பி வைத்தால் பெங்களூர்ப் படம் பளிச்சென்று விழும் என்பதால், ஊரே அதைப் பார்த்தது.

முதல் இரண்டு பாகங்களிலும் சின்னராஜுக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. பஞ்சு எடுத்துக் கொடுப்பான், ஸ்ட்ரெச்சர் தள்ளுவான், எப்போதாவது “ஆகட்டும் சார்” என்பான். அப்புறம் தொடர் கொஞ்ச காலம் நின்றுபோனது. மூன்றாம் பாகம் தொடங்கும்போது, டாக்டராக நடித்தவர் சினிமாவில் வாய்ப்பு வந்து போய்விட்டார். கதையும் எழுதி இயக்கமும் செய்கிற நாராயணப்பா யோசித்துப் பார்த்து, கம்பவுண்டருக்கு ஓர் இரட்டைச் சகோதரன் இருந்ததாகவும், அவன் வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துத் திரும்புவதாகவும் எழுதிவிட்டார். ஒரே வாரத்தில் சின்னராஜ் வெள்ளைக் கோட்டுக்கு மாறினான்.

கன்னடப் பத்திரிகை ஒன்றில் அவன் படம் வந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்க, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். அதை வெட்டி, பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைக்காரர் கௌஸ் பாஷா தன் கடையில் ஒட்டிவைத்தார். அன்று காலை சின்னராஜ் டீ குடிக்கப் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிய டீக்கு யாரும் அவனைக் காசு கொடுக்க விடவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் திம்மப்பன் வந்தார். தக்காளியும் கேழ்வரகும் போடுகிற குடியானவர். சலவைச் சட்டை போட்டிருந்தார், கையில் பை.

“எங்கண்ணா, கல்யாணத்துக்கா?” என்றான் சின்னராஜ்.

“கல்யாணம் எங்கப்பா. ஓசூருக்குப் போறேன். களி முழுங்குனா நெஞ்சுக்கிட்ட நின்னுக்குது. தண்ணி ஊத்துனாத்தான் எறங்குது. பூவம்மா நச்சரிக்கிறா, போயி டாக்டர்கிட்ட காட்டுன்னு.”

“என்னாத்துக்கு ஓசூரு? பெரிய டாக்டரே இங்க குந்திக்கினு இருக்காரு!” என்றார் கௌஸ் பாஷா. கடையே சிரித்தது.

சின்னராஜும் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் எல்லாருடைய கண்ணும் அவன் மேல் இருந்தது. திம்மப்பனும் விளையாட்டாகவே பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். சின்னராஜ் எழுந்து அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். தொண்டையை இரண்டு விரலால் அழுத்தினான். வயிற்றைத் தட்டிப் பார்த்தான். நாராயணப்பா சொல்லிக் கொடுத்தபடி நெற்றியைச் சுருக்கினான். கடையில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது.

“ஒண்ணும் பயப்படாதண்ணா. இது வெறும் அசிடிட்டி. கொஞ்ச நாளைக்குக் களிய நிறுத்து. காரம் ஆவாது. மோரு நெறைய குடி, தானா சரியாயிடும்.”

குரல் கனிவாக, கனமாக வந்தது. அது தொடரில் வருகிற டாக்டரின் குரல். சொல்லும்போது அவனுக்கே அது உண்மை போலத்தான் பட்டது.

ஓசூர் பஸ் வந்து நின்றது. திம்மப்பன் பஸ்ஸைப் பார்த்தார், சின்னராஜைப் பார்த்தார். பஸ் போய்விட்டது. அவர் ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகும் அவர்கள் அடிக்கடி எதிரில் பட்டுக்கொண்டார்கள். “எப்டிண்ணா இருக்குது?” என்பான். “மோருக்குக் கேக்குதுப்பா,” என்பார் அவர். மழைக்காலம் வந்தபோது திம்மப்பனின் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. களி போய்ச் சோறாகி, சோறு போய்க் கஞ்சியாகியிருந்தது. சின்னராஜ் அதைக் கவனித்தான். ஓசூருக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்ற கேள்வி வரும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். ஒரு தடவை அல்ல, பல தடவை.

கடைசியில் அத்திப்பள்ளியில் இருந்த மருமகன் வந்து பார்த்துப் பதறி, அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். உணவுக் குழாயில் கேன்சர் என்றார்கள். முன்னமே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது அது முடியாது, கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மனைவி காவேரி இதைச் சொன்னபோது சின்னராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்தான்.

“பாவம், யாரோ அசிடிட்டின்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்,” என்றாள் அவள். டீக்கடையில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டின்போது நாராயணப்பா கேட்டார்: “ஏனப்பா, முகமே சரியில்லையே?”

யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் சின்னராஜ் வாயைத் திறந்தான். திம்மப்பனைப் பற்றிச் சொன்னான், களி இறங்காததைச் சொன்னான், மோரைச் சொன்னான். ஆனால் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. “ஊர்ல ஒரு போலி டாக்டர் இருக்கான் சார். அவன்தான் தொண்டைய அழுத்திப் பார்த்து ஒண்ணுமில்லேன்னு அனுப்பிட்டான்,” என்றான்.

நாராயணப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “இது நம்ம கதைக்கு ஆகும்,” என்றார்.

அடுத்த மாதம் அது வசனமாகவே அவன் கைக்கு வந்தது. கிராமத்துக் குடியானவன் ஒருவன் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அவனை ஏமாற்றிய போலி டாக்டரைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். பச்சைக் கதவைத் திறந்துகொண்டு வருகிற டாக்டர், அதாவது சின்னராஜ், போலியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும்: ‘உனக்குத் தெரியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதன் பிழைத்திருப்பானே! அந்த ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு?’

முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தான். என்ன காரணம் சொல்வது? விளக்குகளைப் போட்டார்கள். எதிரில் போலியாக நடித்தவன் கைகட்டி நின்றான். சின்னராஜ் அவன் சட்டையைப் பிடித்தான். வசனம் பாதியிலேயே அழுகையாக உடைந்தது. எழுதியிருந்ததற்கு மேலும் இரண்டு வரி அவனாகக் கத்தினான். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நாராயணப்பா வந்து கட்டிப்பிடித்து, “இத்தனை வருஷத்துல நீ நடிச்சது இன்னிக்குத்தான்,” என்றார்.

சின்னராஜ் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கைதட்டல் காதில் இருந்து போகவில்லை.

அது ஒளிபரப்பான சாயங்காலம், காவேரி அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். வேண்டாம் என்று அவன் தடுத்துப் பார்த்தான். “நல்லா நடிச்சிருக்கீங்கன்னு டைரக்டரே போன் பண்ணிக் கம்பெனியில சொன்னாராமே, அப்புறம் என்ன வெக்கம்?” என்றாள். கூடம் நிறைந்துவிட்டது. கடைசியில் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு திம்மப்பனும் வந்தார். கூடவே அவர் மனைவி பூவம்மாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தில் கரண்டு வைத்த இடம் கருத்துப்போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நம்ம பையன் டாக்டரா வர்றத பாக்கணும்னாரு,” என்றான் மருமகன்.

சின்னராஜ் கதவோரம் நின்றுகொண்டான். திரையில் குடியானவன் வாயைத் திறந்து காட்டினான். போலி தொண்டையை அழுத்தினான், வயிற்றைத் தட்டினான். ‘களியை நிறுத்து, மோர் நிறையக் குடி, தானாகச் சரியாகிவிடும்,’ என்றான் கன்னடத்தில். கூடத்தில் சிலர் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கௌஸ் பாஷா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் பச்சைக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டில் சின்னராஜ் வந்தான், சட்டையைப் பிடித்தான், கத்தினான், அழுதான்.

நிகழ்ச்சி முடிந்து பாட்டு வந்தபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பூவம்மாள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

“அந்த ஆளு சொன்னது நீ சொன்ன அதே வார்த்த, சின்னராசு. இவரு அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எங்கிட்ட அப்டியேதான் சொன்னாரு. ஒரு வார்த்த மாறல.”

காவேரி டிவியை அணைத்தாள். அவனைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போகவில்லை. திம்மப்பன் வீட்டுக்குப் போனான். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவன் தரையில் உட்கார்ந்து, “நாந்தாண்ணா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு பேரு பாக்கறாங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ எளைச்சதையும் பாத்தேன். பாத்துட்டும் சொல்லல,” என்றான்.

திம்மப்பனின் குரல் காற்றாகத்தான் வந்தது. “நீ கியர் அளக்கறவன்னு எனக்குத் தெரியாதாப்பா? ஆஸ்பத்திரின்னா எனக்கு ஒதறல். போவாம இருக்க ஒரு சாக்கு தேடிக்கினு இருந்தேன். நீ குடுத்த. புடிச்சிக்கினேன்.”

அவனுக்கு ஒரு நிமிஷம் மூச்சு இலகுவானது. கஞ்சிச் சொம்போடு வந்த பூவம்மாள் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“அவரு பயந்தவரு, சாக்கு தேடுனாரு. நீ எதுக்குப் பயந்த? ஒனக்கு என்ன வலி இருந்துச்சு?”

அவன் எழுந்து வந்துவிட்டான்.

அதன்பிறகு பெங்களூருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையைச் சின்னராஜ் ஏற்றுக்கொண்டான். மருமகனுக்கு லீவு கிடைக்காததால் பூவம்மாள் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் கூட்டம் அவனை அடையாளம் கண்டுகொள்ளும். “ஹசிரு பாகிலு டாக்டரே!” என்று யாராவது கைகுவிப்பார்கள். வார்டு ஆட்கள் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். திம்மப்பனால் நெடுநேரம் நிற்க முடியாது. அதனால் சின்னராஜ் வாயை மூடிக்கொண்டு, அந்த முகத்தைக் காட்டி அவரை முன்னால் அழைத்துப் போவான். பின்னால் நிற்கிற நோயாளிகளைத் திரும்பிப் பார்க்க மாட்டான். வெட்கம் உடம்பெல்லாம் ஊறும். ஆனாலும் அடுத்த வாரமும் அதையே செய்தான்.

நாராயணப்பாவிடமும் உண்மையைச் சொன்னான். அவரோ, “அந்தக் காட்சிக்கு மட்டும் மூட்டை மூட்டையா லெட்டர் வந்திருக்குப்பா,” என்றார். “சார், நான் இனிமே அந்தக் கோட்டைப் போட மாட்டேன்,” என்றான் சின்னராஜ். அவர் திட்டவில்லை. டாக்டரை மைசூருக்கு மாற்றிவிட்டதாக எழுதி, புது ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார். தொடர் நிற்காமல் ஓடியது.

கேழ்வரகு அறுப்புக்கு முன்னால் திம்மப்பன் போய்ச் சேர்ந்தார். பாடை தூக்கும்போது சின்னராஜ் தோள் கொடுக்கப் போனான். மருமகன் தடுக்கவில்லை.

அவர் போட்டிருந்த தக்காளி காட்டில் பாதி வாடிக் கிடந்தது. பார்க்க ஆளில்லை. சின்னராஜ் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினமும் காலையில் போய் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினான், களை எடுத்தான், பழம் பறித்துக் கூடையில் அடுக்கினான். யாரும் வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பூவம்மாள் வரப்பின் அந்தக் கோடியில் தன் வேலையைப் பார்ப்பாள். அவனைப் பார்த்தாலும் மரத்தைப் பார்ப்பது போலத்தான். வீட்டில் காவேரியும் அளந்துதான் பேசினாள். மன்னிப்பு என்ற சொல்லை அவன் மனசுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், அவன் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று எதையோ நினைத்தபடி இருந்துவிட்டான். ஒரு பாத்தி நிரம்பி, செடியின் கழுத்து வரை தண்ணீர் ஏறிவிட்டது.

“செடி அழுவிப் பூடும். தண்ணி போதும், மடைய மாத்து,” என்றாள் பூவம்மாள்.

திம்மப்பன் போன பிறகு அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்திருந்தாள். சின்னராஜ் இரண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு அந்தப் பாத்தியை அடைத்து, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினான்.