கையில்லாத பதினாலு வீரர்கள்

"பதினாலு வீரனுங்க வரைஞ்சிருக்கியே, ஒருத்தனுக்காவது கை இருக்கா?" ரோவீனா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொண்டது.

"அது என் ஸ்டைலு! உனக்கென்ன தெரியும்?" ஃபெர்கஸும் விடவில்லை.

"எது ஸ்டைலு? ஒருத்தன் கையைப் போர்வைக்குள்ள ஒளிச்சிருக்கான், ஒருத்தன் கேடயத்துக்குப் பின்னால. இந்தாளு பாக்கெட்ல கையை விட்டுட்டு டிராகனோட சண்டைக்குப் போறான்! கை வரையத் தெரியலைன்னு ஒத்துக்கோயேன், மகாராசா."

டனீடின் நகரத்தில், கல்யாணம் செய்துகொள்ளாமலே இருவரும் சேர்ந்திருந்த ஈரம் ஏறிய வாடகை வீட்டில், அவள் பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக, அவன் நாலு வருஷமாகக் வீடியோ கேம் ஓவியனாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். பயிற்சி என்றால், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி வாங்குவது, வீடியோ வகுப்புகளில் சேர்ந்து ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தோடு நிறுத்திக்கொள்வது.

சனிக்கிழமை ஊரிலிருந்த கேம் கம்பெனியில் புதியவர்களின் படங்களைப் பார்த்தார்கள். ஒரு வேலை காலியாக இருந்தது. ஃபெர்கஸ் நீட்டிய படங்களைப் புரட்டிய கம்பெனி ஓவியர் நைரிக்கு அவன் வயதுதான் இருக்கும்.

"எல்லாருக்கும் குளிருதா?" என்றாள். "நாங்க என்ன கேம் பண்றோம்னாவது பார்த்தியா?"

பார்க்கவில்லை.

"ஆடறவன் கண்ணு வழியாவே நடக்கிற கேம். நாயகன் மூஞ்சியே தெரியாது. கடைசி வரைக்கும் தெரியறது ரெண்டு கைதான். முடிஞ்சா அதை வரைஞ்சு எடுத்துட்டு அடுத்த மாசம் வா."

வீட்டில் ரோவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ரோஷத்தில்தான் ஐயா முதல்முறையாக வேலை செய்தார். பஸ் டிரைவர் கை, மீன் கடைக்காரர் கை, எதையும் வரையாமல் விடவில்லை. முதலில் வந்ததெல்லாம் இஞ்சிக்கிழங்கு. போகப்போக எலும்பு தெரிந்தது, நகம் தெரிந்தது. ஒருநாள் ரோவீனாவைக் கோப்பையைப் பிடிக்கச் சொன்னான்.

"உன் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கே!"

"ஸ்கூல்ல நெட்பால் ஆடி உடைஞ்சது. நாலு வருஷமா இந்தக் கையைத்தானே பிடிச்சுட்டுத் திரியற? இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?"

அவள் வீசிய கோப்பை தரையில் உடைந்தது. அன்று தன் அக்கா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அவனோ, அந்தச் சுண்டுவிரலை அச்சு அசலாக வரைந்து முடித்தான்.

அடுத்த மாதம் கைகளை மட்டுமே எடுத்துப் போனான். "கட்டைவிரல் தப்பா மடங்குதே" என்றாள் நைரி. ஸ்டைல் என்று வாய் வரை வந்திருக்கும். "ஆமா, தப்புதான். இங்கேயே மாத்தறேன்" என்று உட்கார்ந்து மாற்றினான். வேலை கிடைத்தது.

ரோவீனா அடுத்த கோடையில் ஓமரூ என்ற ஊரில் கூரை போடுகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஃபெர்கஸ் இப்போது இன்னும் பெரிய கேம் கம்பெனி வேலைக்காக வெலிங்டனுக்குக் குடிபோய்விட்டான், தனியாகத்தான்.