கதவில் ஒரு நட்சத்திரம்

“பாகு பதம் வந்துட்டா?” என்று கேட்டாள் சாலோமி.

பாளையங்கோட்டையில், அவள் அடுப்படியில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள் ஜெய்சனின் தாடி மண்டிய முகம் ஆடியது. அவள் புருஷன் வளைகுடாவில், ஒற்றை அறையில், மின்சார அடுப்புக்கு முன்னால் குத்தவைத்திருந்தான்.

“பதமும் வரல, பக்குவமும் வரல. கருப்பட்டி கருகுத வாடைதான் வருது.”

“பைய கிண்டுங்க. கான்கிரீட்டா கலக்குதீங்க?”

“அதக் கலக்கத்தான மொதலாளி பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தான்.”

சாலோமி சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயமாக இருந்தது.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அடித்த முதலாளியிடமிருந்து தப்பி வந்தவன் ஜெய்சன். ஓடிப்போனவன் என்று முதலாளியே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். பிடிபட்டால் சிறை. ஜனவரியில் தூதரகம் ஊர் திரும்ப அனுமதிச் சீட்டுத் தந்துவிட்டால் ஊர். அதுவரை மேலப்பாளையத்து ஜீஷானின் அறைதான் அடைக்கலம். ஜீஷான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். அறை பூட்டிக் கிடப்பதாகவே அந்தக் கட்டடத்துக் காவலாளி நினைத்திருந்தான். சத்தம் கூடாது. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது.

முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒருவழியாக வெந்தது. மூன்று மூன்றாக ஒட்ட வேண்டிய உருண்டைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டதுபோலப் பிரிந்து எண்ணெயில் மிதந்தன.

“கொத்து எங்க? உதிரியால்லா கெடக்கு.”

“தின்னுதவனுக்கு எல்லாம் ஒண்ணுதான் ஏட்டி.” பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, சாக்லேட் தாள் ஒட்டிய நட்சத்திரத்தைத் தூக்கிக் காட்டினான். ஒரு முனை கோணல்.

“அத வெளிய, கதவுல கட்டுங்க.”

“விளையாடுதியா?”

“கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டாத வீடு துக்க வீடுங்க. மாமா தவறுன வருஷம் நாம கட்டல. பாட்டுப் பவனிக்காரங்க நம்ம வாசலத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனாங்கள்லா? நீங்க உசுரோட இருக்கீங்க. கொஞ்ச நேரம் தொங்கட்டும். காவலாளி இந்நேரம் மேல வரமாட்டான்னு நீங்கதான சொன்னீங்க.”

ஜெய்சன் எழுந்தான். கதவை ஓசைப்படாமல் திறந்து கட்டிவிட்டு வந்தான்.

சாலோமி அவனிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. ஜெய்சன் இருக்கும் நகரத்துத் தமிழ்த் திருச்சபையில் பாடகர் குழு நடத்தும் எஸ்றா அண்ணாச்சியிடம் காலையிலேயே பேசியிருந்தாள். நாலே பேர் அவன் அறைக்கு வர வேண்டும்; மேளம் கிடையாது, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ‘கதவெல்லாம் ஒண்ணு போல இருக்குமேம்மா’ என்றார் அவர். ‘நட்சத்திரம் கட்டியிருக்கும் அண்ணாச்சி’ என்றாள் இவள்.

கதவு தட்டப்பட்டது.

ஜெய்சன் அடுப்பை அணைத்தான். உதட்டில் விரல் வைத்தான்.

மறுபடியும் தட்டல். மெதுவாக, மரியாதையாக.

“திறங்க,” என்று கிசுகிசுத்தாள் சாலோமி. “பாட்டுக்காரங்கதான். நான்தான் வரச் சொன்னேன்.”

அவன் அவளை முறைத்தான். பிறகு முறைப்பு இளகியது. சட்டையை இழுத்துவிட்டு, கையாலேயே தலைமுடியைப் படிய வைத்தான். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று தட்டு நிறையப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

தட்டு விழுந்து உருண்டது. அங்கே செல்போன் கவிழ்ந்து அவள் திரை இருண்டது. பூட்ஸ் சத்தம். அரபியில் அதட்டல். நடுவில், இந்தியில் காவலாளியின் குரல்: பூட்டிக் கிடந்த அறைக் கதவில் இது எப்படி வந்தது என்று பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன், ஐயா. அட்டை கிழியும் ஓசை கேட்டது.

“சாலோமி,” என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டான் ஜெய்சன். காலடிகள் படியில் இறங்கித் தேய்ந்தன.

தொடர்பு அறுபடவில்லை. “ஏங்க... ஏங்க...” என்று இருட்டைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து வேறு காலடிகள். தமிழ்.

“இந்த மாடிதானே அண்ணாச்சி?”

“கதவுல நட்சத்திரத்தக் காணமே,” என்றது எஸ்றாவின் குரல். “வேற யார் வீடோ. வாங்க, மேல பாப்போம்.”

“அண்ணாச்சி!” சாலோமியின் அலறல், அங்கே தரையில் கவிழ்ந்து கிடந்த போனுக்குள்ளேயே அடங்கிப் போனது. காலடிகள் மேலே ஏறின.

அவள் தெருவில் பவனி மேளம் நெருங்கி வந்தது. சாலோமி எழுந்து போய், வாசலில் எரிந்துகொண்டிருந்த நட்சத்திர விளக்கின் சுவிட்சை அணைத்தாள்.

மேளச் சத்தம் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் ஓய்ந்தது. பிறகு, பவனி தாண்டிப் போனது.