புக்கிட் கெலாடிக்கு எத்தனை மாத்தா?

"அடியே அங்கம்மா! காரு வந்திருக்குடி! மாத்தா கொட்டாய்க்கு முன்னால நிக்குது. தொப்பி போட்ட பெரிய ஆளு ஒருத்தரு, கூட மூணு மாத்தா!"

வெள்ளையம்மா மூச்சிரைக்கக் கத்திக்கொண்டு வந்தபோது அங்கம்மா கடைசி வாளி ரப்பர்ப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளியை அப்படியே கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாளோ இல்லையோ, செம்மண் பாதையில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ, முக்காடாச்சும் போட்டுக்கிட்டுப் போடி! வெயிலு மண்டையப் பொளக்குது!"

"நாளைக்கு லோரி வந்துரும்க்கா! வெயிலு பாத்துக்கிட்டு நிக்கவா?"

லோரிக்குப் பின்னால் ஏழு வாரக் கதை ஒன்று இருந்தது. அவளுடைய தம்பி செல்லப்பன் ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது ஆளெண்ணும் வரிசையில், சும்மா ஒரு வார்த்தை கேட்டான். "நான் நிக்கிறேன், நீங்க இல்லேன்னு எழுதுறீங்களே, கங்காணி?" அவ்வளவுதான். பெரிய கங்காணி காளியப்பன் கையிலிருந்த பிரம்புத் தடியால் அடித்ததில் கணுக்கால் எலும்பு உடைந்துபோனது. ஒரு மைல் நடந்து போலீஸ் கொட்டாயில் புகார் சொன்னவள் அங்கம்மாதான். ஆனால் அடிபட்டவன் தன் வாயால் சொல்லி, அதை எழுதினால்தான் வழக்கு. அவனாலோ நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும் அதே கதி என்று கங்காணி, கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தான். நாளைக் காலையில் லோரி வருகிறது. செல்லப்பனைத் தெப்ராவ் பக்கம் இன்னொரு தோட்டத்துக்கு ஏற்றிவிடப் போகிறார்கள். ஏற்றிவிட்டால் புகாரும் போச்சு, ஆளும் போச்சு.

பெரட்டுக்களத்தைத் தாண்டும்போது கங்காணி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னா அங்கம்மா, ஓட்டம் பெருசா இருக்கு? உன் மாத்தாவுக்கு இன்னிக்கித்தான் கால் மொளச்சிச்சா?"

"மொளச்சிருச்சு கங்காணி. நாலு சக்கரமா மொளச்சிருக்கு!"

புக்கிட் கெலாடி போலீஸ் கொட்டாய் ஒரு பலகை வீடு. மலாய்க்காரர்கள் போலீஸ்காரரை மாத்தா-மாத்தா என்பார்கள். தமிழருக்கு ஒரு தடவை சொன்னால் போதும், மாத்தா. அந்தக் கொட்டாயில் இரண்டே மாத்தா. ஒருவர் ஹாசான், மலைக்காய்ச்சலில் பத்து நாளாகப் பாயோடு பாயாகக் கிடந்தார். மற்றவர் கபீர் பாய், நாகூர்ப் பக்கத்து ஆள். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அங்கம்மா எத்தனை தடவை போனாலும் அவர் விரல் மடக்கிக் கணக்குச் சொல்வார்.

"தோட்டத்துக்குள்ள போறதுன்னா ரெண்டு பேரு சேந்து போணும், தங்கச்சி. கொட்டாயக் காலியா விடக்கூடாது, அதுக்கு ஒரு ஆளு. ஆக மூணு பேரு. நாங்க இருக்கறது ரெண்டு. நான் என்னா, என்னையே ரெண்டா வெட்டிக்கறதா?"

இன்று அவள் வாசற்படியில் போய் நின்றபோது, கபீர் பாய் நெஞ்சை நிமிர்த்திக் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் ஜொகூர் பாருவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர். மூக்குக் கண்ணாடி, நரைத்த மீசை, மலாய்க்காரர். கையில் மாதாந்திர அறிக்கைத் தாள்களின் கட்டு.

"இருக்க வேண்டியவர் இரண்டு. இருப்பவர் இரண்டு. குறைவு, இல்லை." அவர் மலாயில் வாசித்துத் தாளைப் புரட்டினார். "குறைவு, இல்லை. குறைவு, இல்லை. முப்பத்தொரு மாதமாக இதையே எழுதியிருக்கிறாய். ஜொகூர் முழுக்கச் சுற்றி வருகிறேன், கபீர். ஆற்றோரத்தில் ஆள் போதவில்லை என்கிறார்கள். யோங் பெங்கில் ஆள் போதவில்லை என்கிறார்கள். ஆள் போதும் என்று சொல்கிற ஒரே நிலையம் உன்னுடையதுதான்."

"ஆமா துவான்," என்றார் கபீர் பாய், கொஞ்சம் பெருமையாகவே. துவான் என்றால் மலாயில் ஐயா.

"வழக்கு எத்தனை முடித்தாய்?"

பெருமை வடிந்துவிட்டது. "ஒன்னும்... முடியல, துவான்."

"அப்படியானால் இந்த நிலையம் எதற்கு? மூடிவிட்டு உங்கள் இருவரையும் யோங் பெங்கோடு சேர்த்துவிடுகிறேன்."

அங்கம்மாவுக்குக் காதில் யாரோ அறைந்தது போலிருந்தது. வாசற்படியை எப்படித் தாண்டினாளோ, மேசைக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைத்தெரு மலாய் தண்ணீர்பட்ட பாடு.

"துவான்! மூடிட்டா எங்க தோட்டத்துல அடிவாங்குறவன் யாருகிட்ட போறது? யோங் பெங்குக்கு ஒடஞ்ச காலோட நடக்கறதா?"

"ஏய் தங்கச்சி, வெளிய போ!" கபீர் பாய் பதறினார்.

"இருங்க பாய். ஏழு வாரமா உங்க வாசல்ல நின்னாச்சு, இன்னிக்கி உள்ள நிக்கிறேன். துவான், சாஆ ஊரு கொட்டாய்ல ஆறு மாத்தான்னு மாட்டுவண்டிக்காரன் சொல்றான். எங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு? நாங்க என்னா அரை மனுசங்களா?"

கூட வந்த மூன்று போலீஸ்காரரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"நானா வைத்தேன்? கொட்டாய் திறந்தபோது போட்ட உத்தரவு. கபீர், அந்தத் தாளை எடு. இந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புகிறேன்."

கபீர் பாய் தகரப் பெட்டியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அரபி எழுத்தில் எழுதிய மலாய். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"மாத்தா-மாத்தா உந்தோக் பாலாய் இனி..." இந்த நிலையத்துக்கான போலீஸ்காரர்கள் என்று அர்த்தம். அதற்குள் ஹாசான் உள்ளறையில் இருமினார், இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பினார்.

அங்கம்மா விடவில்லை. "ரெண்டு எங்க, துவான்?"

"என்ன?"

"மாத்தா-மாத்தான்னு சொன்னீங்க. ரெண்டுன்னா 'துவா' சொல்லணுமே! நீங்க 'துவா'ன்னு சொல்லவே இல்லியே!"

கபீர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "எழுத்துத் தெரியாதவ பேசறாளே! இதோ பாருங்க துவான், இங்கிட்டு, மாத்தாவுக்குப் பக்கத்துலயே ரெண்டு போட்டிருக்கு. மாத்தா ரெண்டு!"

அவர் விரலை அந்த எண்ணின்மேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் விரலைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு கபீர் பாயின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கபீர். நீ எங்கே ஓதினாய்?"

"ஊர்ல, துவான். மதரசாவுல. அரபி எழுத்துல தமிழ் எழுதுவோம், படிப்போம்."

"அங்கே ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டுமானால் எப்படி எழுதுவீர்கள்?"

"ரெண்டு தடவ எழுதுவோம், துவான்."

"மலாயில் ஒரு தடவை எழுதி, பக்கத்தில் இரண்டு போட்டுவிடுவார்கள். மாத்தா, பக்கத்தில் இரண்டு என்றால், மாத்தா-மாத்தா. போலீஸ்காரர்கள். எண்ணிக்கை அல்ல!" அவருடைய குரல் ஏறியது. "மிச்சத்தைக் கேள். இந்த நிலையத்துக்கான போலீஸ்காரர்கள் சாஆ நிலையத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாக! ஆறு பேர்! ஆரம்பத்தில் இரண்டு பேரை அனுப்பிவிட்டு, மிச்சம் வேண்டுமென்று நீ எழுதுவாய் என்று காத்திருந்திருக்கிறார்கள். நீ முப்பத்தொரு மாதம் குறைவு இல்லை என்று எழுதியிருக்கிறாய்!"

"சாஆவுக்குச் சமமான்னா..." கபீர் பாயின் குரல் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. "அங்க மாதிரி வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், மணிக்கு மணி சேங்கண்டி தட்டணும்னு நெனச்சேன், துவான். ஒரு நாள் தவறாமத் தட்டியிருக்கேன்."

இப்போது மூன்று போலீஸ்காரரும் வாய்விட்டே சிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஹாசான்கூடக் காய்ச்சலோடு சிரித்தார். "அலாமாக், கபீர்!"

"நீ ஏன் சிரிக்கிறாய்?" இன்ஸ்பெக்டர் உள்ளறையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உனக்குப் படிக்கத் தெரியுமே!"

"நான் போன வருசம்தான் வந்தேன், துவான். பெட்டி பூட்டியிருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும்!"

"எங்கள் மேலும் தப்புத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர், பாதி தனக்குத்தானே. "தாளில் குறைவு இல்லை என்றிருந்தால், ஒருவனும் எட்டிப் பார்ப்பதில்லை."

அங்கம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "துவான், மிச்ச நாலு பேரு எப்ப வருவாங்க? நாளைக்குக் காலையில லோரி வந்துருமே! என் தம்பிய ஏத்திருவாங்களே!"

என்ன லோரி, யார் தம்பி என்று அவர் கேட்க, அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார்.

"இந்த மூன்று பேரும் இன்றிலிருந்து இங்கேதான். ஒருவன் கொட்டாயைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேர், கபீர், நான். காரில் ஏறுங்கள். அம்மா, நீயும் ஏறு, வழி காட்டு!"

கார் என்பதில் அங்கம்மா ஏறியதே இல்லை. செம்மண் புழுதி இரண்டு பக்கமும் எழும்ப, குழிக்குக் குழி தூக்கிப்போட, பால்மரங்கள் பின்னால் பறந்தன. "இடது பக்கம், துவான்! இல்லல்ல, அந்த இடது இல்ல, இந்த இடது!" என்று கத்திக்கொண்டே வந்தாள். பக்கத்தில் கபீர் பாய் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக முணுமுணுத்தார்: "மன்னிச்சிரு தங்கச்சி. ஏழு வாரம்."

"அத என் தம்பிகிட்ட சொல்லுங்க பாய். அவன் சொல்றத நல்லா பெருசா எழுதுங்க, அது போதும்."

பெரட்டுக்களத்தில் கார் நின்றதும் கங்காணி எழுந்தான். வெற்றிலைச் சாற்றை முழுங்கினானா துப்பினானா தெரியவில்லை.

"துவான், இது தோட்டத்து விசயம், தொரைகிட்ட ஒரு வார்த்த..."

"துரைக்குப் பிறகு சொல்கிறேன். நீ அந்த மரத்தடியில் நில். வாயைத் திறக்காதே."

செல்லப்பனைக் கட்டிலோடு வெளியே தூக்கி வந்தார்கள். கபீர் பாய் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டார்.

"பேரு?"

"செல்லப்பன்." முனகலாகத்தான் வந்தது. அவன் கண் மரத்தடிக்கே போய்ப் போய் வந்தது.

"தம்பி, இங்க பாரு," என்றாள் அங்கம்மா. "என்னையப் பாத்துச் சொல்லு. அன்னிக்கிப் பெரட்டுல நீ நின்னியா, இல்லியா?"

"நின்னேங்க்கா."

"சத்தமா!"

"நின்னேன்! மூணாவது வரிசையில நின்னேன்!"

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெள்ளையம்மா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "நானும் நின்னேன். அடிச்சதப் பாத்தேன். என் பேரையும் எழுதிக்குங்க பாய்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். அவருக்குப் பின்னால் நாலு பேர்.

"ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!" கபீர் பாய் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் நிரம்பியிருந்தது. "தாளு பத்தலியே!"

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். எதிரே தோட்டத்து ஆபீஸ். பதினோரு வருடமாக அதன் வெளிப்படிக்குக் கீழேதான் அவள் நின்றிருக்கிறாள். இன்று படியேறி, கதவைத் தள்ளி, கணக்கெழுதும் கிராணி சபாபதியின் மேசைக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"தாளு குடுங்க, கிராணி. கட்டோட குடுங்க. வெளிய நெறையப் பேரு நிக்கிறாங்க."