நான்தான் சார்

எங்கள் ரொட்டிக் கூடத்துக்கு என் நாத்தனாரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. வாயில்லாப் பூச்சி, வம்பு பண்ணாது என்றுதான் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம். தொழில் கற்றுக்கொடுத்த சார், "இனிமே உங்க முடிவு உங்களோடது" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனார். நாங்களோ எதற்கெடுத்தாலும் "சாரைக் கேக்கணும்" என்பதை விடவே இல்லை.

அன்றைக்கு வந்திறங்கிய மாவு மூட்டையைப் பிரித்ததும் குப்பென்று பூஞ்சை வாடை அடித்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போகவேண்டும். இதைச் சுட்டு அனுப்பினால் பிள்ளைகளுக்கு வயிறு கெடும். அனுப்பாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் பழையபடி கல் உடைக்கப் போகவேண்டியதுதான். மாவுக்கு நாடே அல்லாடும் நேரத்தில், வந்த மாவை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

மண்டிக்காரர் லாரியை விட்டு இறங்கவே இல்லை. "உங்ககிட்ட என்னம்மா பேச்சு? இங்க சார் யாரு? அவரைக் கூப்பிடு."

ஊரோடு சண்டை போடுகிற நானே ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். என் நாத்தனார் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"நான்தான் சார்."

மரியாதைக்குத்தான் சொன்னாள், பாவம். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது.

"என்னது, நீதான் சாரா?" வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவள் முகம் சிவந்துபோனது. "ஆமா, நான்தான். இந்த மாவு எங்க புள்ளைங்களுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள நல்ல மாவு வரலைன்னா, இந்தத் தெருவுல ஒருத்தரும் உங்ககிட்ட மாவு எடுக்கமாட்டோம்."

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி போயே போய்விட்டது.

"அடிப்பாவி! எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" என்று கத்தினேன்.

"அண்ணி, உங்க பையனும் அந்தப் பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறான்?"

சல்லடையை ணங்கென்று வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்வரை எல்லோரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாரன் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் ஓடினேன். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். அப்பாடா! வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாத மாவு. போன உயிர் திரும்பி வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மண்டிக்காரர் இந்தத் தடவை லாரியை விட்டு இறங்கி வந்தார்.

"சரக்கு சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்கம்மா. சார் இருக்காங்களா?"

கிண்டலா, நிஜமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"சார், மாவு வந்திருக்கு! வந்து பாருங்க."