பச்சை எரிந்தால் அமுக்கு

தாளப் பெட்டியின் பதினாறு பட்டன்களுக்கும் நிறம் கொடுத்து முடிப்பதற்குள் கிரிதரனுக்குக் கண் எரிந்தது. லேப்டாப்பில் ஒன்றை மாற்றினால் பெட்டியில் ஒரு விளக்கு மாறும். சில சமயம் மாறாது. அப்போது வயரைப் பிடுங்கி, மறுபடி மாட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதட்டுக்குள் வீட்டில் பேசும் சௌராஷ்ட்ர மொழியில் எண்ணிக்கொண்டே தொடங்கினார்.

எதிரே பாண்டிராஜ் உட்கார்ந்திருந்தான். கிரிதரனின் மெல்லிசைக் குழுவில் பதினைந்து வருஷமாக உருமி அடித்தவன். பகலில் கப்பலூரில் ஒரு கம்பெனி வேலை. போன ஆடியில் அங்கே மிஷினுக்குள் வலது கை சிக்கிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். அதில் குச்சி நிற்காது.

பட்டன் அமுக்க இரண்டு விரல் போதுமே என்று கிரிதரன்தான் யோசித்தார். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி இந்தப் பெட்டியை வரவழைத்தார். பழைய ஒத்திகைப் பதிவுகளில் பாண்டிராஜ் அடித்திருந்ததை வெட்டியெடுத்து ஒவ்வொரு பட்டனிலும் ஏற்றினார். மேலே மூன்று வரிசையில், ஒருமுறை அமுக்கினால் தானாக ஓடும் தாளங்கள். கீழ் வரிசையில் ஒற்றை அடிகள்.

வெள்ளிக்கிழமை கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் விசேஷம். அதில் ஒப்பேறவில்லை என்றால் இனி மேடைப் பக்கமே போவதில்லை என்று பாண்டிராஜ் வீட்டில் சொல்லியிருந்தான். அவன் மனைவி முத்துச்செல்வி வந்து, கிரிதரன் வீட்டு வாசலில் நின்றபடியே அதைச் சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பச்சை எரிஞ்சா அமுக்கு. சிவப்பு எரிஞ்சா கைய எடு. அம்புட்டுத்தான்" என்றார் கிரிதரன்.

"சிக்னல்ல நிக்கிற மாதிரி இருக்குண்ணே. போலீஸு வருமா?"

சிரித்தபடி அமுக்கினான். விரல் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது. ஆனால் தாளம் சரியான இடத்திலேயே எடுத்தது.

"நான் பிந்திட்டேன்ல?"

"பிந்துனா அதுவே சரி பண்ணிக்கும். அப்படி வச்சிருக்கேன்."

"முந்துனா?"

"அதையும்."

பாண்டிராஜ் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் எதுக்குண்ணே?" என்றான்.

கிரிதரன் வயரைச் சுருட்டினார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். மூன்றாவது பாட்டு அம்மன் பாட்டு. பச்சை எரிந்தது, பாண்டிராஜ் அமுக்கினான், உருமி ஓடியது. கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. கூந்தல் அவிழ, மேடைக்கு முன்னால் வந்து ஆடினாள்.

சாமியாடுபவளின் மூச்சைப் பார்த்துத்தான் உருமிக்காரன் அடியின் வேகத்தை ஏற்றுவான், இறக்குவான். இறக்காமல் ஒரே வேகத்தில் அடித்தாலும், சட்டென்று நிறுத்தினாலும் விழுந்துவிடுவாள். பதினைந்து வருஷமும் பாண்டிராஜ் அதைச் செய்திருக்கிறான். கிரிதரனின் கண் அந்த வருஷங்களெல்லாம் தான் வாசிக்கும் கீபோர்டின் மேலேயே இருந்தது; அதைக் கவனித்ததில்லை. பெட்டிக்கு ஒரே வேகம்தான் வைத்திருந்தார்.

கோயில் கமிட்டித் தவசி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யப்பா, அடிய எறக்குங்கப்பா! புள்ளைக்கு மூச்சு வாங்குறது தெரியலையா?"

கிரிதரன் லேப்டாப்பில் வேகத்தைத் தேடினார். அவசரத்தில் வேறு எதையெதையோ திறந்தார். உருமி அதே வேகத்தில் ஓடியது. அந்தப் பெண்ணின் கால்கள் பின்னின.

பாண்டிராஜ் விளக்குகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். ஓடும் தாளத்தின் மேலேயே, கீழ் வரிசையில் கட்டைவிரலால் அடிக்கத் தொடங்கினான். அவன் அடி அவள் காதில் ஏறியதும், ஓடிக்கொண்டிருந்ததை ஆள்காட்டி விரலால் நிறுத்தினான். மிஞ்சியது அவன் அடி மட்டும். தானாகச் சரிசெய்யும் திருத்தத்தை அந்த வரிசைக்குப் போடக் கிரிதரனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. ஒரு அடி முந்தியது. ஒன்று சறுக்கியது. ஆனால் அவள் கால் அவன் விரலுக்குக் கட்டுப்பட்டது. அவன் தளர்த்தினான், அவளும் தளர்ந்தாள். இன்னும் தளர்த்தினான். அவள் மண்ணில் உட்கார்ந்ததும் யாரோ நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து சாமான்களைக் கட்டும்போது பாண்டிராஜ் சொன்னான்.

"மேல இருக்கத எல்லாம் எடுத்துருங்கண்ணே."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும். பதினாறுலயும் ஒத்த அடி போடுங்க. சரி பண்றதெல்லாம் வேணாம். வெளக்கும் வேணாம்."

"கை இன்னும் பழகலைடா. இன்னைக்கே ரெண்டு சறுக்குச்சு."

"மூணுண்ணே. ஒண்ணு ஒங்களுக்குக் கேக்கல." வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டான். "சறுக்குனா சறுக்குனதாவே கேக்கட்டும்."

கிரிதரன் பெட்டியை உறைக்குள் போட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. பிடரி வலித்தது.

"புதன்கிழமை சமயநல்லூர்ல ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கு" என்றார்.

"வாரேன்."

வேன் இன்னும் வரவில்லை. உறைக்குள் போட்ட பெட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிரிதரன் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு தாளமாக அழிக்கத் தொடங்கினார்.