மத்தியான லாஞ்சு

மண்டபம் தோணித்துறைக்கு எதிரே உள்ள தீவொன்றில் கடல்பாசி காயவைக்கும் கம்பெனி இருந்தது. காலை ஆறு மணிக்குக் கம்பெனியின் லாஞ்சுப் படகு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும். பதினொன்றுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும். பன்னிரண்டுக்குப் பாசி மூட்டைகளோடு கரைக்குப் போகும். ஆட்களைத் திரும்ப ஏற்றுவது மாலை ஐந்துக்குத்தான்.

நாகலெட்சுமி பிள்ளை பெற்று ஐந்து மாதம். வேலைக்குத் திரும்பி ஒன்பதாவது நாள், தண்ணீரோடு வந்த லாஞ்சில் சேதியும் வந்தது. லாஞ்சு ஓட்டும் மீரா சாகிபுதான் சொன்னார்.

"தங்கச்சி, பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஆட்டுப்பாலைத் துப்புதாம். உலகம்மா சொல்லச் சொன்னுச்சு."

உலகம்மாள் பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள். நாகலெட்சுமி மேஸ்திரி கூத்தையாவிடம் ஓடினாள்.

"பன்னெண்டு மணி லாஞ்சுல போறேண்ணே."

"இது என்ன பஸ்ஸா, நெனச்ச நேரம் ஏறி எறங்க? அஞ்சு மணிக்குப் போ."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கம்பெனி ஆள் என்பதற்கு அடையாளமாக முந்தானையில் முடிந்திருந்த பித்தளை வில்லையை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "எனக்கு இந்த வேலை வேணாம். வாரேன்."

லாஞ்சில் மூட்டைகளின் மேல் ஏறி உட்காரப் போனவளை மீரா சாகிபு தடுத்தார். தோணித்துறை சர்க்காருடையது. கம்பெனி ஆட்களை மட்டும் ஏற்றி இறக்குவதாக எழுதிக்கொடுத்துத்தான் அங்கே லாஞ்சைக் கட்டியிருந்தார்கள். இறங்குகிற எல்லாரிடமும் வில்லை கேட்பார்கள்.

"வில்லை இல்லாம ஏத்துனா என் லைசென்ஸு போயிரும் தாயி. அல்லா சத்தியமா எனக்கு வேற தொழில் தெரியாது."

திரும்பி வந்து கையை நீட்டினாள். கூத்தையா வில்லையைத் தரவில்லை.

"வேலையில இருந்தா அஞ்சு மணி லாஞ்சு. இல்லேன்னா லாஞ்சே இல்ல. யோசிச்சுச் சொல்லு."

லாஞ்சு போய்விட்டது. சுற்றிலும் நான்கு பக்கமும் தண்ணீர். மார்பு கல்லாகக் கனத்தது. ரவிக்கை நனைந்து ஒட்டியது. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாலை மணலில் பீய்ச்சினாள். மணல் உடனே உறிஞ்சிக்கொண்டது. அப்போதுதான் அழுதாள்.

ஐந்து மணிக்குக் கூத்தையா ஒரு தாளை நீட்டினான். ஒரு வருசத்துக்கு வேலையை விட்டு நிற்பதில்லை என்று அதில் எழுதியிருந்தது. கூட வேலை செய்யும் லத்தீபா அவள் காதருகே குனிந்து, "வச்சிட்டு வா புள்ள, லாஞ்சு கெளம்புது" என்றாள். நாகலெட்சுமி கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாள். கூத்தையா வில்லையைத் திருப்பித் தந்தான்.

வீட்டில் பிள்ளை அழுது அழுது துவண்டு கிடந்தது. மடியில் போட்டதும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு வெறிகொண்டது போலக் கவ்வியது. விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது.

காலை ஆறு மணிக்குத் தோணித்துறையில் அவள் வரிசையில் நின்றாள். மீரா சாகிபு அவள் முகத்தைப் பார்க்காமல், ஏறுவதற்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் பலகையைப் பற்றி ஏறி, பெண்களுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்தாள்.